அசௌகரியம்

அவளுக்கு வீட்டில் ஒரு பெயர், வேலையிடத்தில் ஒரு பெயர். வேலையிடத்தில் அவள் மலர். அவள் மட்டும் இல்லை, அந்த மாடியில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் மலர்தான். "வணக்கம், மலர் பேசுகிறேன், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று நாலா பக்கத்திலிருந்தும் ஒரே பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். வாசனைப் பொருள் விற்கிற கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று மேலிடத்தில் யாரோ யோசித்து வைத்தது. நாமும் அவளை மலர் என்றே சொல்லலாம். நடந்ததெல்லாம் அந்தப் பெயரால் நடந்ததுதான்.

கம்பெனி தரை துடைக்கிற திரவம் செய்தது. துணி அலசும்போது கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற மணத் திரவம், பாத்ரூமில் தொங்கவிடுகிற வில்லை, சுவிட்ச் போர்டில் சொருகிவிட்டால் இரவு பகலாக மணம் விட்டுக்கொண்டே இருக்கும் குப்பி, எல்லாம் செய்தது. எல்லாவற்றின் முதுகிலும் பொடி எழுத்தில் ஒரு ஃபோன் நம்பர் இருக்கும். அந்த நம்பரைக் கூப்பிட்டால் ஒரு மலர் எடுப்பாள்.

கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் புது வாசனை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்கள். மீதிப் பாதி வேறு வகை. தலை வலிக்கிறது என்பார்கள், குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கிறது என்பார்கள், பூனை இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை என்பார்கள். இவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தந்தவர் டீம் லீடர். வாயைத் திறந்தால் "பவ்யமா பேசுங்கம்மா, பவ்யமா" என்பார். அதனால் அவருக்குப் பவ்யம் என்றே பெயர். பவ்யத்தின் பாடத்தில் சில வார்த்தைகளுக்கு இடமே இல்லை. மூச்சுத் திணறல் என்று சொல்லக் கூடாது, அசௌகரியம் என்று சொல்ல வேண்டும். அரிப்பு, கொப்புளம், மயக்கம் எல்லாமே அசௌகரியம். வாடிக்கையாளர் எந்த வார்த்தை சொன்னாலும் நாம் திருப்பித் தருவது அந்த ஒரு வார்த்தைதான்.

"அவங்க நெருப்புன்னு சொன்னா நாம வெதுவெதுப்புன்னு சொல்லணும், புரியுதா?" என்று பவ்யம் ஒருநாள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மலரும் சிரித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இது சுலபமாக இல்லை. ஒரு தாய் கைக்குழந்தையின் முதுகைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதபோது, இவளும் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். பக்கத்து இருக்கையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி இருந்தாள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு மழைக்காலம் போகட்டும், மரத்துப்போயிடும்" என்று அவள் ஏதோ காய்ச்சல் இறங்கிவிடும் என்பதுபோலச் சொன்னாள். அப்படியே ஆயிற்று. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு கிழவர் இருமிக்கொண்டே திட்டினார். மலர் அவர் திட்டி முடிக்கும் வரை எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த லில்லிப் பூ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான், தனக்குள் எதுவுமே அசையவில்லை என்று கவனித்தாள். அதைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. ஹாலின் ஒரே ஜன்னல் பெரிய சாலையைப் பார்த்து இருந்ததால், தூசிக்குப் பயந்து எப்போதும் சாத்தியே கிடக்கும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் இவன் ஓட வேண்டும். மூன்றாவது ஆள், அவனுடைய அக்கா.

அக்கா ஒருநாள் ஒரு கைப்பையோடும் ஒரு தையல் மெஷினோடும் புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் இருக்கேன்டா" என்றாள் தம்பியிடம். அவன் கொஞ்ச நாளா என்று கேட்டுக்கொண்டே மெஷினை ஹாலில் ஜன்னலோரம் போட்டான். அதோடு சரி. அக்கா அங்கே உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் பேன்ட் சுருக்கினாள், ஜிப் மாற்றினாள். இரவில் மெஷினை ஒதுக்கிவிட்டு, மடக்குக் கட்டிலை விரித்துச் சுவரோரம் படுத்துக்கொண்டாள். சமையலும் துணி துவைப்பதும் கேட்காமலே அவள் கைக்குப் போயின. நாத்தனார் வந்து உட்கார்ந்தால் வீடு இரண்டாகும் என்று மலரின் அம்மா வீட்டில் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். ஆனால் பழக்கம் வேறு, பேச்சு வேறு. பேச்சு அதிகம் இல்லை.

மாதத் தொடக்கத்தில் கம்பெனி எல்லோருக்கும் ஒரு பை கொடுக்கும். உள்ளே இரண்டு குப்பி, ஒரு மணத் திரவம், தரைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒரு வில்லை. மலர் வீட்டுக்குக் கொண்டுவருவதில் பரிசு மாதிரி இருந்த ஒரே பொருள் அந்தப் பைதான். முதல் பை வந்தபோது குப்பியை அவளே ஹாலில், கட்டில் தலைமாட்டுக்கு மேலே இருந்த பிளக்கில் சொருகினாள். அக்காவுக்கு நல்ல மணம் வரட்டும் என்றுதான் அந்த இடம்.

"பூக்கடைக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்கே!" என்றாள் அக்கா.

"நல்லாயிருக்கா அக்கா?"

"நல்லாயிருக்காவா? இனிமே நான் குளிக்காட்டியும் யாருக்கும் தெரியாது, போ."

அக்கா துணிக்கு மணத் திரவத்தைத் தாராளமாக ஊற்றினாள். தலையணை உறை, போர்வை, தம்பியின் காக்கிச் சட்டை எல்லாம் மணத்தன. மலருக்கு மட்டும் அது தெரியாது. அவள் மூக்கு எப்போதோ அதை எண்ணிக்கையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டிருந்தது.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் தொண்டைக் கமறல் மாதிரி இருந்தது. பிறகு அக்கா மாடிப்படி ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். தெருமுனை டாக்டர் சீசா மருந்து கொடுத்தார். "தையல் தூசிதான் அக்கா, மூக்குல துணி கட்டிக்கோ" என்றான் தம்பி. அக்கா கட்டிக்கொண்டாள். துணியும் மணத் திரவத்தில் அலசிய துணிதான்.

சித்தி ஒருத்திக்குக் கால் முறிந்து, பார்த்துக்கொள்ள அக்கா அங்கே போனாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "சித்தி வீட்டுக் காத்து ஒத்துக்கிச்சு போல" என்றான் தம்பி. அன்று மாலையே இருமல் திரும்பியது. மலர் அதைக் கேட்டாள். காதில் நாளெல்லாம் எத்தனையோ இருமல். அதில் ஒன்று வீட்டிலும் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த ஃபோன் வந்தது ஒரு மத்தியான நேரம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் வந்த முதல் அழைப்பு. திரையில் நம்பர் விழுந்தது. பாதி நம்பரைப் படிக்கும்போதே அது தன் வீட்டு நம்பர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் தன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

"வணக்கம், மலர் பேசுகிறேன், உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

"வணக்கம்மா." அக்காவின் குரல்தான். வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற மரியாதைக் குரல். "ஒரு சந்தேகம் கேக்கணும். கேக்கலாமா?"

கம்பெனியில் பேசுகிற குரல் வேறு, வீட்டுக் குரல் வேறு. ஒருமுறை கணவனே தவறுதலாக இந்த எண்ணுக்குப் பேசி, அவளை யாரோ என்று நினைத்து வைத்துவிட்டான். இப்போதும் அப்படித்தான். அக்காவுக்கு அவளைத் தெரியவில்லை. அக்கா, நான்தான் என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன, வீட்டு ஆட்களோடு பேசினால் எச்சரிக்கை வரும். அது ஒரு காரணம். ஆனால் உண்மையில் காரணம் எதையும் அவள் யோசிக்கவில்லை. அடுத்த வரி நாக்கில் இருந்தது, அதைச் சொன்னாள்.

"கேளுங்கள் மேடம். உங்கள் நலம் எங்களுக்கு முக்கியம்."

"அந்த பிளக்குல சொருகற பாட்டில் இருக்குல்ல... நான் அதைத் தப்பு சொல்லலம்மா. நல்ல மணம்தான். ஆனா அது இருக்கற ரூம்ல படுத்தா எனக்கு மூச்சு அடைக்குது. நெஞ்சுக்குள்ள யாரோ கயிறு போட்டு இறுக்கற மாதிரி. வெளிய போனா சரியாயிடுது. ஊருக்குப் போயிருந்தப்ப ஒண்ணுமே இல்ல. வந்தேன், மறுபடி பிடிச்சுக்கிச்சு. அதான், இது அதனாலயா இருக்குமான்னு..."

"உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் மேடம்."

"வருத்தமெல்லாம் வேணாம்மா. அதுல என்ன கலக்கறாங்க?"

"எங்கள் தயாரிப்புகள் எல்லாமே முறையாகச் சோதனை செய்யப்பட்டவை மேடம்."

"யாரு மூக்குல வெச்சு சோதிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா தானே சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும் வரை மலர் காத்திருந்தாள். இருமலுக்கு நடுவே மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் இவ்வளவு கிட்டத்தில் அதைக் கேட்டதில்லை. ஹெட்ஃபோனில் காதுக்குள்ளேயே கேட்டது.

"பயன்படுத்தும்போது ஜன்னலைத் திறந்து வைக்கலாம் மேடம். தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம்."

"அதாம்மா பிரச்சனை. என் தம்பி பொண்டாட்டி உங்க கம்பெனியிலதான் இருக்கா. அவதான் ஆசையா கொண்டுவந்து எனக்குன்னு சொருகினது. நானோ அவங்க வீட்டுல வந்து இருக்கேன். வேணாம்னு பிடுங்கி வெச்சா, நல்லதுக்குச் செஞ்சா இவ நொட்டை சொல்றாளேன்னு அவளுக்குத் தோணும்ல? அவ நல்ல பொண்ணு. வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்ல. அதனால, இது ஒண்ணும் செய்யாதுன்னு நீங்க சொல்லிட்டா நான் பாட்டுக்கு இருந்துடுவேன். செய்யும்னா எப்படியாவது சொல்லிக்கறேன். நீங்களே சொல்லுங்க."

எதிர்ச் சுவரில் லில்லிப் பூ இருந்தது. பவ்யம் வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"குறிப்பிட்டபடி பயன்படுத்தினால் எங்கள் தயாரிப்பு பாதுகாப்பானது மேடம்" என்றாள் மலர்.

"ஒண்ணும் ஆகாதுங்கறீங்க."

"பாதுகாப்பானது மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இல்லம்மா. பொறுமையா பதில் சொன்னே. நல்லா இரு."

பேசி முடித்ததும் மதிப்பெண் கேட்கும் குரல் வரும். அக்கா ஐந்தை அழுத்தினாள். திரையில் ஐந்து நட்சத்திரம் மஞ்சளாக எரிந்தது. அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அக்கா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "வாம்மா, சூடு பண்ணித் தரவா?" என்றாள். குப்பி அதன் இடத்தில் சிவப்புப் புள்ளியோடு எரிந்துகொண்டிருந்தது. மலர் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள். கையை நீட்டிப் பிடுங்கினால் முடிந்தது. ஆனால் ஏன் பிடுங்கினாய் என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வதை நினைத்தாலே கை கனத்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முகம் கழுவப் போனாள். மறுநாளும் நாளை இருந்தது.

அடுத்த வாரம் பயிற்சி அறையில் எல்லோரையும் உட்காரவைத்தார் பவ்யம். புதிதாகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

"ஒரு ஃபோன் கால் போடறேன், கேளுங்க. தடுமாற்றம் இருக்கான்னு பாருங்க. கோபம் இருக்கான்னு பாருங்க. வாடிக்கையாளர் என்னென்னவோ சொல்றாங்க, இவங்க ஒரு இடத்துலயும் நம்ம வார்த்தையை விட்டு வெளிய போகல."

ஒலிபெருக்கியில் அக்கா பேசினாள். யாரு மூக்குல வெச்சு சோதிச்சாங்க என்ற இடத்தில் அறையே சிரித்தது. பிறகு இருமல். பெரிய ஒலிபெருக்கியில் அந்த விசில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "இங்க கவனிங்க," என்றார் பவ்யம், "அவசரப்படுத்தாம காத்திருக்காங்க. இதுதான் அனுதாபம்." நல்ல பொண்ணு என்று அக்கா சொன்னபோது கண்ணாடிக்காரி மலரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அந்தத் தம்பி பொண்டாட்டி யாராக இருக்கும் என்று பின்வரிசையில் குசுகுசுப்பு எழுந்தது. கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். மலர் எழுந்து நின்று லேசாகத் தலை குனிந்தாள். பிறகு டீ வந்தது. குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்ததை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அக்கா விழுந்தது அதற்குப் பிறகு ஒரு காலை வேளையில். தம்பி இன்னும் வேலைக்குக் கிளம்பியிருக்கவில்லை, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். கட்டிலில் இருந்து எழுந்தவள் இரண்டு கையையும் மெஷின் மேல் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தே பழகியவன் அவன். அக்காவை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினான். மலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். வெயில் ஏறும்போது அக்காவுக்குப் பேச்சு வந்தது. நுரையீரல் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"வீட்டுல என்னென்ன உபயோகிக்கறீங்க? சோப்பு, ஸ்ப்ரே, கொசுவுக்கு ஏதாவது, ரூம்ல வாசனைக்கு ஏதாவது?"

அக்கா மலரை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் இல்ல டாக்டர். சாதாரண சோப்புதான்."

"வேற?"

"அவ்வளவுதான்."

மலர் பேச ஆரம்பித்தாள். தன் குரல் கம்பெனிக் குரலாக வருவதை அவளே கேட்டாள். பிளக்கில் சொருகும் குப்பி ஒன்று, கட்டில் தலைமாட்டில், அணைப்பதே இல்லை. துணிக்கு மணத் திரவம். தரைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு வில்லை. ஜன்னல் திறப்பதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும், "வேறு ஏதாவது..." என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "இதனாலதான் வந்ததுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன். இவங்களுக்கு உள்ளுக்குள்ள முன்னாடியே ஆஸ்துமா இருந்திருக்கலாம். ஆனா இருக்கற நெருப்புல இது எண்ணெய். இன்னிக்கே எல்லாத்தையும் வெளிய எடுங்க." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "எங்க வீட்டுலயும் ஒண்ணு சொருகியிருக்கு. என் பையனுக்கு அந்த வாசனை பிடிக்கும்" என்றார். அதைச் சொன்னதற்காகச் சங்கடப்பட்டவர்போல எழுந்து போய்விட்டார்.

கணவன் மருந்து வாங்கப் போனான். வார்டில் மத்தியான அமைதி. எதிர்க் கட்டில்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்குக் கம்பெனிக்கு ஃபோன் பண்ணீங்கல்ல."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "உனக்கு யார் சொன்னது?"

"நான்தான் எடுத்தேன்."

"அந்தப் பொண்ணு பேரு மலர்."

"அங்க எல்லாரும் மலர்தான் அக்கா."

 அக்கா போர்வையின் ஓரத்தை விரலால் நீவினாள். முதலில் அவள் கேட்டது இதைத்தான்: "உன்னைப் பத்தித் தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"இல்லக்கா. நல்லதாத்தான் சொன்னீங்க."

"ம்." மறுபடி நீவினாள். "அதுக்கு முன்னாடி நான் சமையல் ரூம்ல பாய் போட்டுப் படுத்துட்டு இருந்தேன். நீ பார்த்தியோ என்னவோ."

மலர் பார்த்திருந்தாள். இடுப்பு வலிக்குத் தரை சுகமாக இருக்கும் என்று படுத்திருப்பாள் என நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

"அங்க படுத்தா கொஞ்சம் பரவால்லயா இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா. சரி, கம்பெனிக்காரங்களே சொல்றாங்க, நமக்குத்தான் வீண் சந்தேகம்னு கட்டிலைத் திரும்ப அங்கயே போட்டேன்." திட்டுகிற குரல் இல்லை. ஒரு தையல் எங்கே பிரிந்தது என்று தேடுகிற குரல். "அதுலருந்துதான் ரொம்ப ஜாஸ்தியாச்சு."

அழுகை வரும் என்று மலர் எதிர்பார்த்தாள். கண்ணில் ஒன்றும் வரவில்லை. அக்காவின் காலைத் தொட வேண்டும்போல இருந்தது, கை மடியிலேயே கிடந்தது. "மன்னிச்சுடுங்கக்கா" என்றாள். தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிற வார்த்தை. அதே மாதிரிதான் வெளியே வந்தது. அக்காவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றே கணவன் வீட்டில் இருந்த குப்பி, பாட்டில், வில்லை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான். அவன் மலரிடம் கோபப்படவில்லை. விஷயம் தெரிந்த பிறகு, "நீ எடுத்தன்னு எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டான். சாக்கை எங்கே போடுவது என்று படியில் நின்றபோது எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். "ஐயோ, பிரிக்காதது கூட இருக்கே, எங்களுக்குக் கொடுங்க!" மலர் காரணத்தைச் சொன்னாள். எல்லாவற்றையும், மூச்சுத் திணறல் என்ற வார்த்தையைப் போட்டே சொன்னாள். "அடப் பாவமே" என்று எதிர்வீட்டுக்காரி உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு, "எங்களுக்கெல்லாம் இரும்பு உடம்பு, ஒண்ணும் ஆகாது" என்று சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் எப்போதும் ஒரு இன்ஹேலர். ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், சாலைத் தூசி வந்தது, ஆனாலும் தேவலை. தொந்தரவு அதோடு முடியவில்லை. மலர் வேலை முடிந்து உள்ளே நுழையும்போதெல்லாம் அக்காவுக்கு இருமல் எழும்பியது. கம்பெனியின் மாடி முழுக்க அந்த மணம்தான், அது தலைமுடியிலும் துணியிலும் ஏறி வீடு வரை வந்தது. மலர் மொட்டை மாடிக் குளியலறையில் மாற்றுத் துணி வைத்து, தலைக்குக் குளித்துவிட்டு இறங்கிவரத் தொடங்கினாள். அப்படியும் சில நாள் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பரவால்ல, நீ வா" என்று சமையலறைக்குள் ஒதுங்குவாள்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று ஒருநாள் கணவனிடம் கேட்டாள். அவன் வேலை செய்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். அவன் பதில் சொல்லாமல் கைக்கு எண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தை அக்காவும் கேட்டாள். இரண்டு நாளில் தையல் மெஷினுக்கு உறை தைத்து மாட்டினாள்.

"சித்திக்குக் கால் இன்னும் சரியா ஊன வரல. நான் அங்க போயி இருக்கேன்" என்றாள். சித்தி நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தது மூன்று பேருக்குமே தெரியும். தம்பி மெஷினைத் தூக்கினான். வண்டியில் ஏறும்போது அக்கா மலரின் தலையைத் தொடப் போனாள். பிறகு நினைவு வந்தவளாகக் கையை இழுத்துக்கொண்டு, "வரேம்மா" என்றாள்.

பின்னொரு நாள் ஒரு ஆள் ஃபோன் செய்தார். மனைவிக்கு இரவில் மூச்சு இழுக்கிறது, இந்தக் குப்பி போட்டதிலிருந்து என்று சந்தேகம் என்றார். மலர் வழக்கம்போல ஆரம்பித்தாள். அசௌகரியம் என்ற வார்த்தை வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. 

"ஹலோ? இருக்கீங்களா?"

"பிளக்கைப் பிடுங்கிடுங்க" என்றாள் வீட்டுக் குரலில். "இப்பவே. துணிக்குப் போடறதையும் நிறுத்துங்க. நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, தெருமுனை டாக்டர் வேணாம்." அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். வீரம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. கால் இடறியதுபோலத்தான் இருந்தது.

பவ்யம் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. "உங்க ஃபோன் கால் ஒண்ணைத்தான் எல்லாக் கிளையிலயும் பாடமா வெச்சிருக்கோம். நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். அந்தப் பதிவை எடுத்துவிட முடியுமா, அதில் பேசுவது என் நாத்தனார் என்று மலர் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இப்ப என் கையில இல்லம்மா" என்றார். குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது.

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. கீழ் மாடிக்கு, எழுத்தில் பதில் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பதில்கள் முன்கூட்டியே தயாராக இருக்கும். ஒன்றைத் தேர்ந்து அழுத்தினால் போதும். இருமல் கேட்காது. வேறு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் ஆள் வேண்டும் என்கிறார்கள், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

அக்கா சித்தி வீட்டு மாடியில் மெஷின் போட்டிருக்கிறாள். அங்கேயும் மழை நாளில் இழுக்கிறது. யாராவது மணக்க மணக்க உடுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கிவிடுகிறாள். முழுசாகச் சரியாகாது, இப்படியே பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் இரண்டு மாதம் அவள் தம்பியோடு மட்டும்தான் பேசினாள். பிறகு ஒருநாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது ஃபோனை மலர் எடுத்தாள். அக்கா வைக்கவில்லை. அதிலிருந்து சாயங்காலங்களில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்தபோது பேசியதைவிட அதிகமாகவே.

நேற்றும் அக்கா பேசினாள்.

"அவன் சாப்பிட்டானா?"

"இன்னும் வரலக்கா. எங்கேயோ லிஃப்ட் பாதியில நின்னுடுச்சாம்."

"எவன் மாட்டிக்கிட்டானோ பாவம். அங்க மழையா? சத்தம் கேக்குதே."

"தூறல்தான்."

"மாடியில துணி காயுதா?"

"எடுத்துட்டேன் அக்கா."

"சரி. ஜன்னல் பக்கம் நனையாம பார்த்துக்கோ. வெச்சுடவா?"

வைத்த பிறகு மலர் கொஞ்ச நேரம் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, எடுத்துவிட்டதாகச் சொன்ன துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.